குடும்ப டிக்கெட்டில் ஒரு காலி இடம்

லாரி ஓட்டுநர்கள் அவருக்கு வைத்த பெயர் பத்துக்கிலோ. தொழிற்பேட்டைச் சாலையின் முனையில் இருக்கும் எடைமேடையில் பதினாறு வருடமாக உட்கார்ந்திருக்கிறார். அந்த மேடையின் மானி பத்துப் பத்துக் கிலோவாகத்தான் ஏறும். அந்தப் பத்துக் கிலோவுக்காகக்கூட லாரியைத் திருப்பி அனுப்புகிற ஆள் என்பதால் வந்த பெயர். சரக்கோடு எடை போடும்போது கிளீனரை இருக்கைக்குப் பின்னால் போர்வைக்குள் சுருட்டிப் படுக்கவைத்து எடையைக் கூட்டிக் காட்டுவது அந்தச் சாலையில் பழகிப்போன தந்திரம். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்தபடியே அவர் கண்டுபிடித்துவிடுவார்.

"அண்ணே, போர்வை மூச்சு விடுது. இறக்கி விட்டுட்டு வாங்க" என்று ஒலிபெருக்கியில் அவருடைய குரல் வரும். ஓட்டுநர் சிரித்துக்கொண்டே இறக்கிவிடுவார். அவரும் சிரிப்பார். ஆனால் கிளீனர் மேடையைவிட்டு இறங்கி நிழலுக்குப் போகும்வரை ரசீது வெளியே வராது.

இப்படிக் கறாரான மனிதர் ஞாயிற்றுக்கிழமை ஆனால் வேறு ஆளாகிவிடுவார் என்பது அவருடைய வீட்டாருக்கு மட்டும் தெரியும்.

அவருடைய அப்பா பிள்ளைகளை எங்கேயும் கூட்டிக்கொண்டு போனதில்லை. கேட்டால், "பழைய சுவரைப் பாக்கணுமா? நம்ம வீட்லயே நாலு இருக்கு" என்பார். தன் பிள்ளைகள் அப்படி வளரக்கூடாது என்று இவருக்கு வைராக்கியம். அரண்மனை, கோட்டை, அருங்காட்சியகம், கலங்கரை விளக்கம் எல்லாவற்றையும் அவர்கள் பார்த்தாக வேண்டும். ஆனால் எடைமேடைச் சம்பளத்தில் ஐந்து வயிறு. அதனால் பார்ப்பதற்கு அவர் வழி கண்டுபிடித்தார்.

எந்த அருங்காட்சியகத்தில் எந்த நாள் இலவசம் என்பது அவருக்கு மனப்பாடம். மூடுவதற்கு முந்தைய ஒரு மணி நேரம் பாதிக் கட்டணம் என்று தெரிந்து ஒரு அரண்மனைக்குப் போனார்கள். முப்பத்தைந்து நிமிடத்தில் எல்லா அறைகளையும் சுற்றிவந்தபோது நடுப்பெண், "அந்த ராஜாவே எதிரி வந்தப்போ இவ்வளவு வேகமா ஓடியிருக்க மாட்டாரு" என்றாள். வழிகாட்டிக்கும் காசு கொடுப்பதில்லை. யாராவது காசு கொடுத்து அமர்த்திய வழிகாட்டியின் பக்கத்தில் நடுப்பெண்ணை நிறுத்திவைப்பார். அவள் கேட்டுக்கொண்டு வந்து அப்படியே சொல்வாள். வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். மூத்தவனுக்கு மீசை அரும்பத் தொடங்கி ஒரு வருடம் ஆகிறது. கவுண்டர் வரிசையில் மட்டும் அவனுக்கு இன்னும் பதினொரு வயது. அங்கே நிற்கும்போது அவன் வாயை மூடிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

ஆனால் எல்லாவற்றிலும் பெரிய கண்டுபிடிப்பு 'ஒட்டு'.

பெரும்பாலான இடங்களில் குடும்ப டிக்கெட் என்று ஒன்று உண்டு. பெரியவர்கள் இரண்டு, பிள்ளைகள் இரண்டு. இவர்களுக்கோ பிள்ளைகள் மூன்று. அந்த மூன்றாவது பிள்ளைக்குத் தனி டிக்கெட் எடுப்பது அவருக்குச் செருப்பில் கல் மாதிரி. வரிசையில் ஒரே பிள்ளையோடு நிற்கிற யாரையாவது பார்ப்பார். அவர்களுடைய குடும்ப டிக்கெட்டில் ஒரு இடம் சும்மா போகும். மெல்லப் போய்ப் பேச்சுக் கொடுப்பார். கடைக்குட்டியை அவர்களோடு ஒட்டி அனுப்பிவிடுவார். உள்ளே போனதும் வாங்கிக்கொள்வார். கேட்டவர்களில் ஒருவர்கூட மறுத்ததில்லை. ஊரான் டிக்கெட்டில் ஊரான் பிள்ளை போவதில் எல்லோருக்கும் ஒரு சின்ன சந்தோஷம் இருந்தது.

கடைக்குட்டிக்கு ஏழு வயது. அவளுக்கு அவர் சொல்லிக் கொடுத்திருந்த விதிகள் சுருக்கமானவை. ஒட்டியிருக்கும்வரை அவர்கள்தான் அம்மா அப்பா. பெயர் கேட்டால் அவர்கள் வைக்கிற பெயர். உள்வாசல் தாண்டும்வரை யார் கேட்டாலும் மாற்றிச் சொல்லக்கூடாது. "நானே எதிர்ல வந்து நின்னு கேட்டாலும் சொல்லக்கூடாது. சரியா?" என்பார். வீட்டில் ஒத்திகை நடக்கும். அவர் காவலாளி போல முகத்தை வைத்துக்கொண்டு அதட்டுவார். அவள் அசரமாட்டாள். மூன்று இடங்களில் மூன்று குடும்பங்களோடு போய் வந்திருக்கிறாள். மூன்றாவது முறை, திரும்ப வாங்கிக்கொள்ளப் போனபோது, அந்த அம்மாவின் மடியில் உட்கார்ந்து எதையோ தின்றுகொண்டிருந்தாள். இவரைப் பார்த்ததும் யாரோ தெரிந்தவரைப் பார்ப்பதுபோல ஒரு சிரிப்பு.

"பயமே இல்லாத பிள்ளை" என்று அன்றைக்கு அவர் பெருமைப்பட்டார்.

"அதுதான் எனக்குப் பயமா இருக்கு" என்றாள் அவருடைய மனைவி.

கோட்டைக்குப் போனது கோடை முடிகிற ஒரு ஞாயிற்றுக்கிழமை. காற்று இல்லை. வானம் சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுத்துக் கிடந்தது. மதிலின் விளிம்பு நெடுகப் பருந்துகள் உட்கார்ந்திருந்தன. ஒன்றுகூடப் பறக்கவில்லை. வரிசை மெதுவாக நகர்ந்தது. எடைமேடைக்காரர் வழக்கம்போல முன்னும் பின்னும் நோட்டம் விட்டார். அன்றைக்கென்று எல்லோரும் இரண்டு பிள்ளைகளோடு வந்திருந்தார்கள், அல்லது பிள்ளைகளே இல்லாமல்.

அவர்களுக்கு முன்னால் நின்ற தம்பதிக்கும் பிள்ளை இல்லை. அந்த வெயிலிலும் கணவர் முழுக்கைச் சட்டையைக் கழுத்துப் பொத்தான்வரை போட்டிருந்தார். மனைவியின் தோளில் ஒரு துணிப்பை. கவுண்டரில் அந்த மனிதர் பணத்தை நீட்டி, "குடும்ப டிக்கெட்" என்றார். கவுண்டர்காரர் தலையைத் தூக்காமலே கிழித்துக் கொடுத்தார்.

எடைமேடைக்காரருக்குப் பொறுக்கவில்லை. தன் டிக்கெட்டை அவசரமாக வாங்கிக்கொண்டு அவர்கள் பின்னால் ஓடினார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. குடும்ப டிக்கெட்டா எடுத்தீங்க?"

"ஆமாம்."

"பிள்ளைங்க பின்னால வர்றாங்களா?"

"இல்லை."

"அப்ப பெரியவங்க டிக்கெட் ரெண்டு எடுத்திருக்கலாமே! இது மூணு ஆள் விலை சார். தெரியாம எடுத்துட்டீங்க. போய்க் கேட்டா மாத்தித் தருவாங்க."

"தெரியும்" என்றார் அந்த மனிதர். "நாங்க எப்பவும் இதைத்தான் எடுக்கிறது."

ஒரு லாரியின் எடையில் இப்படி ஒரு வித்தியாசம் வந்திருந்தால் அவர் மேடையைவிட்டே அதை நகரவிட்டிருக்க மாட்டார். ஏன் என்று கேட்டிருப்பார். இப்போது அவருக்குத் தெரிந்ததெல்லாம் அந்த டிக்கெட்டில் சும்மா போகிற இரண்டு இடங்கள்தான். அவர் சிரித்தபடி விஷயத்தைச் சொன்னார். அந்த மனிதர் தன் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா ஏற்கெனவே கடைக்குட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க" என்று எடைமேடைக்காரருடைய மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "இன்னைக்கு வேணாம். தனி டிக்கெட்டே எடுத்துடலாம்."

"ஏன், என்ன ஆச்சு?"

"அந்தம்மா பார்க்கிற பார்வை சரியில்ல. துணி தைக்க அளவெடுக்கிற மாதிரி இருக்கு."

"நீ ஒருத்தி! பாவம், பிள்ளை இல்லாதவங்க. ஆசையா பாக்குறாங்க. அதுக்கும் காசா கேக்குறாங்க?"

"இல்லாதவங்கன்னு அவங்க சொன்னாங்களா?"

அவர் காதில் வாங்கவில்லை. அந்த அம்மா குழந்தையின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"உன் பேரு என்ன கண்ணு?"

"நீங்க என்ன வைக்கிறீங்களோ அது" என்றாள் கடைக்குட்டி, பாடம் ஒப்பிக்கிற குரலில்.

அந்த அம்மா அவள் காதருகே குனிந்து ஒரு பெயரைச் சொன்னார். யாருக்கும் கேட்கவில்லை. கடைக்குட்டி தலையை ஆட்டினாள். மூவரும் கைகோத்துக்கொண்டு முதல் வாசலுக்குள் போனார்கள். கடைக்குட்டியின் பச்சை கவுன் வாசல் நிழலுக்குள் போய்க் கறுப்பாகிவிட்டது.

முதல் வாசலுக்கும் உள்வாசலுக்கும் நடுவே ஒரு முற்றம். ஒரு பக்கம் பாதுகாப்பு அலுவலகம், மறுபக்கம் பை வைக்கும் அறை. இவர்களுடைய சாப்பாட்டுப் பையைக் காவலாளி பிடித்துக்கொண்டார். உணவு உள்ளே போகக்கூடாது, அறையில் வைக்க வேண்டும், அதற்குக் கட்டணம் உண்டு.

"பை வைக்கிறதுக்கா காசு? பையா கோட்டையச் சுத்திப் பாக்குது?" என்று அவர் கேட்டார்.

வரிசையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். காவலாளி சிரிக்கவில்லை. எடைமேடைக்காரர் ஓரமாக ஒதுங்கி, பொட்டலங்களை மூத்தவனுடைய பேண்ட் பைகளிலும் மனைவியின் கைப்பையிலும் திணிக்கத் தொடங்கினார். ஒரு பொட்டலம் பிரிந்துவிட்டது. அதைக் கட்டினார்கள். மூத்தவனால் காலை மடக்கி நடக்க முடியவில்லை. "கட்டைக்கால் தளபதி மாதிரி இருக்கேடா" என்றாள் ரேடியோ. அவர்கூடச் சிரித்தார். மனைவி மட்டும் உள்வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சீக்கிரம் வாங்க. வாங்கன்னா" என்றாள்.

எட்டு நிமிடம் இருக்கும். உள்வாசலைத் தாண்டியபோது அங்கே யாரும் காத்திருக்கவில்லை.

முதலில் அவர் பதறவில்லை. நிழல் தேடிப் போயிருப்பார்கள். ஆயுதக் கூடத்தில் பார்த்தார். இருட்டில் வாள்கள் வரிசையாகத் தொங்கின. யாரோ ஒரு குழந்தை அழுதது, அது வேறு குழந்தை. கிணற்றடியில் பார்த்தார். அடி தெரியாத பெரிய கிணறு, மேலே இரும்பு வலை. வலையின் மேல் ஒற்றைச் செருப்பு கிடந்தது. ஓடிப்போய்க் குனிந்து பார்த்தார். யாரோ பெரியவருடைய செருப்பு. அந்தப்புரத்தின் மாடத்தில் ஏறி நான்கு பக்கமும் பார்த்தார். கூட்டத்தில் பச்சை நிறம் எத்தனையோ இருந்தது. ஒவ்வொன்றும் கிட்டப் போனால் வேறு பிள்ளை.

ரேடியோ மூச்சிரைக்க ஓடிவந்தாள். யாரும் சொல்லாமலே ஒரு வழிகாட்டியின் பக்கத்தில் போய் நின்றிருக்கிறாள்.

"அப்பா, இந்தக் கோட்டைக்கு வடக்குப் பக்கம் ஒரு வாசல் இருக்காம்பா. சண்டை நேரத்துல தப்பிச்சுப் போறதுக்குக் கட்டினதாம். இப்ப அதுல வெளியே போகலாமாம். நேரா பெரிய ரோடு வந்துடுமாம்."

அவள் அதை எப்போதும் சொல்கிற உற்சாகத்தோடு சொல்ல ஆரம்பித்து, முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.

பாதுகாப்பு அலுவலகத்தில் ஒரு பருமனான அம்மா மேற்பார்வையாளராக இருந்தார். மேசையில் பிளாஸ்க், பதிவேடு, நான்காகப் பிரிந்த திரையில் நான்கு வாசல்கள்.

"எத்தனை பேர் வந்தீங்க?"

"அஞ்சு பேரும்மா."

"டிக்கெட்டைக் குடுங்க." அவர் வாங்கிப் பார்த்தார். "ரெண்டு பெரியவங்க, ரெண்டு பிள்ளைங்க. நாலு பேரும் என் முன்னாலதானே நிக்கிறீங்க? காணாமப் போனது யாரு?"

சுவரில் ஒரு பலகை இருந்தது. தவறான தகவல் தந்து உள்ளே நுழைந்தால் பத்து மடங்கு அபராதம். அவருடைய கண் தானாகவே அதன்மேல் போய் நின்றது. நாக்கும் தானாகவே புரண்டது.

"அவ சின்னவம்மா… அஞ்சு வயசு ஆகல. அதான் டிக்கெட் எடுக்கல."

மேற்பார்வையாளர் வயர்லெஸ்ஸை எடுத்து, "ஐந்து வயதுக்கு உட்பட்ட பெண் குழந்தை, தனியாக" என்று சொல்லத் தொடங்கினார். எடைமேடைக்காரர் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். இல்லாத ஒரு குழந்தையைத் தேட ஆட்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். வாயைத் திறக்க வேண்டும் என்று தெரிந்தது. வாய் திறக்கவில்லை.

"ஏழு வயசு!" அவருடைய மனைவியின் குரல் அந்தச் சின்ன அறைக்குப் பெரிதாக இருந்தது. "ஏழு வயசும்மா. பச்சை கவுன். தனியா இல்ல. டிக்கெட் காசை மிச்சம் பிடிக்கறேன்னு இவர்தான் முன்னபின்ன தெரியாதவங்க கையில பிடிச்சுக் குடுத்தாரு. கழுத்துவரைக்கும் பொத்தான் போட்ட ஆளு. கூட ஒரு அம்மா. வடக்கு வாசலை மூடச் சொல்லுங்க. தயவு செஞ்சு மூடச் சொல்லுங்க!"

மேற்பார்வையாளர் அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வயர்லெஸ்ஸில் எல்லாவற்றையும் மாற்றிச் சொன்னார். உள்வாசல் காவலாளியின் குரல் கரகரத்துக்கொண்டு வந்தது.

"பச்சை கவுன் பாப்பாவா மேடம்? அது அம்மா அப்பாவோட போச்சே. தப்பா நினைக்க ஒண்ணுமில்லையே. யார் கூட வந்தேன்னு நானே கேட்டேன். ரெண்டு பேரையும் கையக் காட்டி அம்மா, அப்பான்னுச்சு. அந்தம்மா பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க, திரும்பிப் பாத்துச்சு."

வடக்கு வாசலின் திரையில் மனிதர்கள் வெளியே போய்க்கொண்டிருந்தார்கள். சிறிதாக, முகமில்லாமல், மேலிருந்து பார்க்கிற உயரத்தில். வாழ்நாளில் எத்தனையோ லாரிகளின் கூரைகளை அவர் இப்படித் திரையில் பார்த்திருக்கிறார். ஒரு காக்கிச் சட்டை வந்து கம்பிக் கதவை இழுத்தது. வரிசை நின்றது. நின்ற வரிசையில், கதவிலிருந்து நான்காவதாக, இரண்டு பெரிய தலைகளுக்கு நடுவே ஒரு சின்னத் தலை இருந்தது.

அவர்களை அலுவலகத்துக்குக் கூட்டிவந்தபோது கடைக்குட்டி இன்னும் இருவருடைய கையையும் பிடித்திருந்தாள். காலையில் ஒற்றைப் பின்னலோடு வந்தவள். இப்போது இரட்டைப் பின்னல், இறுக்கமாக, நுனியில் மஞ்சள் ரிப்பன். ரிப்பன் புதிதல்ல. மடித்து வைத்த கோடுகளில் வெளுத்திருந்தது.

மேற்பார்வையாளர் நாற்காலியை இழுத்துப்போட்டுக் குனிந்தார்.

"பயப்படாதே பாப்பா. உங்க அப்பா யாருன்னு காட்டு."

கடைக்குட்டி எல்லோரையும் பார்த்தாள். பிறகு திறந்திருந்த கதவு வழியாக வெளியே பார்த்தாள். அலுவலகம் முற்றத்தில் இருந்தது. உள்வாசல் அந்தப் பக்கம் இருந்தது. அவள் நிதானமாகக் கையைத் தூக்கி, கழுத்துப் பொத்தான் போட்ட மனிதரைக் காட்டினாள்.

"இப்ப சொல்லலாம்மா" என்றார் எடைமேடைக்காரர். "ஒட்டு முடிஞ்சுது. அப்பா சொல்றேன்ல, சொல்லலாம்."

அவள் உதட்டை இறுக்கிக்கொண்டு, சிரிப்பை அடக்கியபடி, இல்லை என்று தலையாட்டினாள். ஒத்திகையில் இதைவிட நன்றாக அவர் அதட்டியிருக்கிறார்.

அவருடைய மனைவி யாரையும் கேட்கவில்லை. நேராகப் போய்ப் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். மூத்தவன் அம்மாவின் கைபேசியை வாங்கி, படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளி மேற்பார்வையாளருக்குக் காட்டினான். காலையில் பேருந்தில் எடுத்தது, போன மாதம் எடுத்தது, பிறந்த அன்று எடுத்தது. "என் தங்கச்சி" என்று மட்டும் சொன்னான்.

"நீங்க ஏன் வடக்கு வாசலுக்குப் போனீங்க?" என்று மேற்பார்வையாளர் அந்தத் தம்பதியைக் கேட்டார்.

"உள்வாசல்கிட்ட நின்னோம். இவங்க வரலை" என்றார் அந்த மனிதர். குரலில் கோபமும் இல்லை, பயமும் இல்லை. "வெளியில நிப்பாங்கன்னு நினைச்சோம்." பிறகு எடைமேடைக்காரர் பக்கம் திரும்பினார். "நீங்கதானே குடுத்தீங்க?"

எடைமேடைக்காரருடைய மனைவி இடுப்பிலிருந்த பிள்ளையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"இவங்க மேல என்னன்னு நான் எழுதுறது?" மேற்பார்வையாளர் பதிவேட்டை மூடினார். "டிக்கெட் முறையா வாங்கியிருக்காங்க. பிள்ளையப் பிடிச்சு இழுத்துட்டுப் போகல. அது சந்தோஷமாத்தான் போயிருக்கு. குத்தம் பண்ணினது நீங்க சார். அபராதத்தைக் கட்டிட்டுக் கிளம்புங்க."

அவர் கட்டினார். குறைக்கச் சொல்லிக் கேட்கவில்லை, தவணை கேட்கவில்லை. தம்பதி வெளியே போனார்கள். முற்றத்தின் வெயிலில் அந்த அம்மாவின் வலது கை, யாரையோ பிடித்திருப்பதுபோல, விரல்கள் மடங்கியபடியே இருந்தது.

திரும்பும் பேருந்தில் மூத்தவனுடைய பேண்ட் பையில் பொட்டலங்கள் நசுங்கிக் கறை படிந்திருந்தது. அவருடைய மனைவி கடைக்குட்டியை மடியில் இருத்தி, மஞ்சள் ரிப்பன்களை அவிழ்த்து ஜன்னல் வழியாக எறிந்தாள். பின்னல்களைப் பிரிக்கத் தொடங்கினாள்.

"பிரிக்காதம்மா" என்றாள் கடைக்குட்டி. "அடுத்த வாட்டியும் இப்படியே இருக்கச் சொன்னாங்க."

மனைவியின் கை நின்றது.

"அடுத்த வாட்டின்னா?" என்றார் அவர்.

"அவங்க வரும்போது."

"எங்க வரும்போது?"

"நம்ம வீட்டுக்குப்பா. வீடு எங்கன்னு கேட்டாங்க. தொலைஞ்சு போனா சொல்லணும்னு நீங்க சொல்லிக் குடுத்தீங்களே, அப்படியே சொன்னேன். தெருப் பேரு, மாடிப்படி, பச்சைக் கதவு, கதவு நம்பர், எல்லாம். அவங்க எழுதிக்கிட்டாங்க." அவள் அவருடைய முகத்தைப் பார்த்தாள். "எப்ப நீங்க வீட்ல இருக்க மாட்டீங்கன்னு கேட்டாங்க. எடைமேடை நேரமும் சரியாத்தான் சொன்னேன். ஒண்ணுகூடத் தப்பு இல்ல."

பேருந்து தொழிற்பேட்டைச் சாலையைக் கடந்தது. எடைமேடை பூட்டிக் கிடந்தது. அடுத்து அவர்களுடைய நிறுத்தம். முன்னால் இருந்த மூவர் இறங்கினார்கள். மூத்தவன் பாதி எழுந்து, அப்பா எழவில்லை என்று பார்த்து, மறுபடி உட்கார்ந்தான். மனைவியும் எழவில்லை. கதவு மூடிக்கொண்டது.

நடத்துநர் நடைபாதையில் வந்து அவர் தோளைத் தட்டினார்.

"சார், உங்க நிறுத்தம் போயிடுச்சே. தூங்கிட்டீங்களா?"

"இல்ல" என்றார் அவர். சட்டைப்பையில் கையை விட்டார். "இந்த வண்டி எதுவரைக்கும் போகும்?"